இருபத்தைந்தா, இருபத்தாறா

துளசிங்கம் வீட்டுச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. பொன்னேரியில் ஒரு நகைக்கடை வருடா வருடம் கொடுப்பது. அதில் பெரிதாக அச்சடித்திருக்கும் தேதியை அவர் பார்ப்பதில்லை. கீழே பொடி எழுத்தில் இருக்கும் திதியைத்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவருக்கு அமாவாசை எப்போது, பௌர்ணமி எப்போது, தண்ணீர் எந்நேரம் ஏறும், எந்நேரம் வடியும் என்று தெரிந்தால் போதும். தேதி என்பது கரண்டு பில் கட்டுகிறவர்களின் கவலை என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட மனிதர் இருபத்தோரு வருடமாக ஒரே ஒரு தேதியோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார் என்றால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

அவருக்கு இப்போது ஐம்பது வயது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், மணல் திட்டில் இருக்கும் குப்பத்தில் பிறந்தார், அங்கேயே இருக்கிறார். அதிகம் பேச மாட்டார், பேசினால் விட மாட்டார். மனைவி பவுனம்மாள் நேர் எதிர். காலையில் மீன் கூடையோடு கிளம்பினால் திருப்பாலைவனம் போய்த் திரும்பும் வரை வாய் ஓயாது. ஒரே மகள் நந்தினி. பொன்னேரியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவள் பிறந்தது 2004ஆம் வருடம் டிசம்பர் மாதம் இருபத்தாறாம் தேதி, விடியற்காலை நாலு நாற்பதுக்கு. அன்று காலை ஒன்பது மணிக்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலமே பவுனம்மாளுக்கு வலி கண்டது. துளசிங்கம் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பெண் பிறந்ததும் ஆறு மணி வாக்கில் எதிரில் இருந்த பூத்திலிருந்து குப்பத்து வேணு கடைக்குப் போன் போட்டார். அப்போது ஊரில் போன் இருந்தது அந்தக் கடையில்தான். துளசிங்கத்தின் அக்கா கோவிந்தம்மா ஓடி வந்து எடுத்தாள். இரண்டு பேரும் நல்லா இருக்காங்க, எல்லாருக்கும் சொல்லிடு என்றார். வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். கடற்கரை மணலில் காயப்போட்ட வலை அப்படியே கிடக்குது, அதைக் கொஞ்சம் எடுத்து உள்ளே போட்டுடு அக்கா.

கோவிந்தம்மா உடம்பு மறுநாள் கிடைத்தது. கடற்கரையில் நின்றிருந்தவர்கள்தான் போனார்கள். அவளோடு சேர்த்து அந்தக் குப்பத்தில் ஆறு பேர். வலையும் போயிருந்தது. அதைப் பார்த்ததும் துளசிங்கத்துக்குக் கணக்கு முடிந்துவிட்டது. நான் வலையை எடுக்கச் சொல்லாவிட்டால் அக்கா கரைக்குப் போயிருக்க மாட்டாள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பவுனம்மாளிடம்கூட நாலு வருடம் கழித்துத்தான் சொன்னார்.

கோவிந்தம்மாவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கிருஷ்ணன் இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார், இன்னும் இருக்கிறார். மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாதாரண நாளில் நந்தினியை "மருமவளே" என்று கூப்பிட்டுப் பெரிய நண்டாகப் பார்த்துக் கொடுத்து அனுப்புவார். டிசம்பர் கடைசி வாரம் வந்தால் மட்டும் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போவார். நந்தினி எதிரில் வந்தாலும் நிமிர மாட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று துளசிங்கம் அவரைக் கேட்டதில்லை. கேட்காமலே அர்த்தம் பண்ணிக்கொண்டார்: என் பெண்ணைப் பார்த்தால் அவருக்குப் பெண்டாட்டி செத்தது ஞாபகம் வருகிறது.

அதனால்தான் அந்தத் தேதியை மாற்றப் பார்த்தார். ஊரை ஏமாற்ற அல்ல. அவர் மனசார நம்பிய ஒரு நியாயம் அவரிடம் இருந்தது. ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களை ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று ஒரு பங்குக்காரர்கள், நாளைக்கு வேறு பங்குக்காரர்கள். ஆனால் முறை நடுராத்திரியில் மாறாது. சாயங்காலம் வலை இறக்கியவன் விடியும்வரை இழுக்கலாம். வெளுத்த பிறகுதான் அடுத்த ஆள் தண்ணீரில் இறங்க முடியும். அந்தக் கணக்கில், ஞாயிறு விடியற்காலை நாலு நாற்பது என்பது சனிக்கிழமைப் பாடு. தண்ணீர் வந்தது ஞாயிற்றுக்கிழமைப் பாடு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் இதையே சொன்னார்.

"தப்பா போட்டுகீறீங்க சார். இருபத்தஞ்சு போடுங்க."

எழுதியவர் தலை நிமிராமல், "ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தேதி மாறிடும்யா" என்றார்.

"பன்னெண்டு மணிக்கு யாருக்கு சார் மாறுது? அன்னிக்கு சனிக்கிழம பாடு. விடிஞ்சாதான் மாறும். எங்க ஊர்ல யார வேணா கேளுங்க."

"யாரக் கேக்கணும், சொல்லு."

துளசிங்கத்துக்குச் சட்டென்று வாயில் வந்த பெயர் அக்காவுடையது. பாடு விஷயத்தில் எந்தச் சண்டையானாலும் ஊரில் அவளைத்தான் கேட்பார்கள். யாருக்கு எப்போது முறை என்று அவள் விரலை மடக்கியே சொல்லிவிடுவாள். பெயர் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. பிறகு இருபத்தாறு என்று போட்ட காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். காகிதத்தில் இருபத்தாறு. வீட்டில் இருபத்தைந்து. அப்படித்தான் முடிவாயிற்று.

இருபத்தைந்து ஒரு விதத்தில் வசதியான தேதி. பவுனம்மாளோடு மீன் விற்கும் எலிசபெத்துக்குப் பழவேற்காட்டில் வீடு. கிறிஸ்துமஸ் அன்று அங்கே எப்படியும் கேக் உண்டு. நந்தினியை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அவள் பேரைச் சொல்லி ஒரு துண்டு வெட்டுவார்கள். மறுநாளும் அங்கேயே இருந்துவிட்டு இருபத்தேழாம் தேதிதான் ஊருக்கு வருவாள். ஏனென்றால் இருபத்தாறாம் தேதி குப்பத்தில் யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. காலையில் எல்லாரும் கடற்கரைக்குப் போவார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஆறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுக்காரர்கள் இறங்கிப் பாலை ஊற்றிவிட்டு வருவார்கள். நாலாவது பெயர் கோவிந்தம்மா. கிருஷ்ணன் தனியாக இறங்குவார். பாலை ஊற்றுவார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துத் தண்ணீரில் கொட்டுவார். திருநீறாக இருக்கும் என்று துளசிங்கம் நினைத்துக்கொண்டார். அவர் எப்போதும் பத்தடி பின்னால்தான் நிற்பார்.

இப்படி ஏழு வருடம் ஓடியது. 2011இல் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு முகத்துவாரத்துப் பக்கம் கவிழ்ந்து இருபத்திரண்டு பேர் இறந்துபோனார்கள். குப்பத்து ஆம்பிளைகள் எல்லாரும் படகெடுத்துக்கொண்டு ஓடினார்கள், துளசிங்கமும் போனார். எலிசபெத் வீட்டில் ஏழு வயசு நந்தினி கேக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுத் தூங்கிப்போனாள். அன்று தண்ணீரிலிருந்து யாரைத் தூக்கினார், எப்படித் தூக்கினார் என்று அவர் வீட்டில் பேசியதே இல்லை. மறு வருடம் டிசம்பர் வந்ததும் ஒன்று மட்டும் சொன்னார்.

"இருபத்தஞ்சும் வாணாம்."

பவுனம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எந்த நாளுய்யா வேணும்? புள்ளைய மறுபடியும் வயித்துக்குள்ள வச்சு வேற நாளு பாத்து பெக்கட்டுமா?"

அதற்குப் பிறகு நந்தினியின் பிறந்தநாள் இருபத்தெட்டுக்கும் புது வருடத்துக்கும் நடுவில் எப்போது கையில் காசும் வீட்டில் ஆளும் இருக்கிறதோ அப்போது வந்தது. ஒரு வருடம் பொங்கலோடு சேர்ந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் காகிதப்படி இருபத்தாறு. ஆனால் அப்போது அரையாண்டு லீவு, ஆகவே யாரும் வாழ்த்தவில்லை. "எல்லாருக்கும் பொறந்த நாளு வரும். எனக்கு மட்டும் நம்மூரு பஸ்ஸு மாதிரி, வந்தாதான் வரும்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். துளசிங்கமும் சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்குச் சங்கடமாக இருக்கும். பெண்ணுக்கு ஒரு நாளைக்கூட உருப்படியாகக் கொடுக்க முடியவில்லையே என்று இருக்கும். ஆனாலும் அவர் பிடியை விடவில்லை.

போன வருடம் டிசம்பர் இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் நந்தினி வேலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

"நைனா, வெள்ளிக்கிழம லீவு சொல்லிட்டேன். எலிசபெத் ஆன்ட்டி வீட்டுக்குப் போவல. கரைக்கு வரேன். அத்தைக்கு நான் பாலு ஊத்தறேன்."

துளசிங்கம் வலையில் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தவில்லை. "அன்னிக்கு நீ அங்க வரக் கூடாது" என்றார்.

"ஏன்?"

"வாணாம்னா வாணாம்."

"நான் பொறந்தது அன்னிக்குத்தான நைனா?"

"நீ பொறந்தது சனிக்கிழம பாட்டுல."

நந்தினி பையை இறக்கிவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நான் தெனமும் குழாய்ல லேபிள் ஒட்டறேன் நைனா. ராத்திரி பன்னெண்டுக்கு மேல எடுத்த ரத்தம்னா மறுநாள் தேதிதான் போடணும். தப்பா போட்டா அந்த ரத்தமே செல்லாது, தூக்கி ஊத்திடுவாங்க. இருவத்தோரு வருசமா என் மேல நீ தப்பு லேபிளு ஒட்டி வச்சிகினு கீற."

அடுப்படியிலிருந்து பவுனம்மாள், "நல்லாக் கேளு" என்றாள்.

அவருக்குப் பயம் பெண் வருவது பற்றி இல்லை. கிருஷ்ணன் பற்றி. அவள் பால் செம்போடு தண்ணீரில் இறங்கி, அந்த மனிதர் ஊர் பார்க்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? அல்லது உன்னால்தான் என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால்? கிருஷ்ணன் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்று தெரியும். ஆனால் இருபத்தோரு வருடம் குனிந்தே போன மனிதர் நிமிர்ந்தால் என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்? நந்தினி சிரித்துக்கொண்டு திரிகிற பெண். அந்த ஒரு வார்த்தை போதும், அதற்குப் பிறகு எந்தத் தேதியிலும் அவளுக்குப் பிறந்தநாள் இருக்காது. அவர் இவ்வளவு நாளும் காத்தது அதற்காகத்தான்.

முன்கூட்டியே கிருஷ்ணனிடம் கேட்டுவிடலாம் என்று இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனார். கிருஷ்ணன் வாசலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

"வா துளசி. துன்றியா?"

"ஆச்சு மாமா."

நண்டு என்ன விலைக்குப் போகிறது என்று துளசிங்கம் கேட்டார். கிருஷ்ணன் சொன்னார். இந்த வருடம் முகத்துவாரம் மண் அடைத்துக்கொண்டுவிட்டது என்று கிருஷ்ணன் சொன்னார். துளசிங்கம் ஆமாம் என்றார். எழுந்து வந்துவிட்டார்.

"கேட்டியா?" என்றாள் பவுனம்மாள்.

"நண்டு வெல கேட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. கடல் சாதுவாக இருந்தது. ஊரே கரையில் நின்றது. நந்தினி பழைய காட்டன் புடவை கட்டிக்கொண்டு, பால் செம்பைத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். தலைவர் முதல் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாவது, மூன்றாவது. பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூடத் துளசிங்கம் நினைத்தார்.

"கோவிந்தம்மா" என்றார் தலைவர்.

கிருஷ்ணன் எப்போதும்போல் தனியாக இறங்கினார். நந்தினி அவருக்குப் பின்னால் நடந்தாள். தண்ணீர் கெண்டைக்கால் வரை வந்தபோது பக்கத்தில் போய் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். இந்த முறை துளசிங்கம் பத்தடி தள்ளி நிற்கவில்லை, தன்னை அறியாமலே அவர்களுக்கு நேர் பின்னால் வந்து நின்றிருந்தார். பேசுவது காதில் விழும் தூரம்.

"மாமா, நானும் ஊத்தட்டுமா?" என்றாள் நந்தினி.

கிருஷ்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு பேரும் பாலை ஊற்றினார்கள். பிறகு அவர் வேட்டி மடிப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வேணு கடைப் பொட்டலம். துளசிங்கம் அதை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார். உள்ளே இருந்தது திருநீறு இல்லை, சர்க்கரை.

கிருஷ்ணன் பாதியைத் தண்ணீரில் கொட்டினார். மீதியை அப்படியே வைத்துக்கொண்டு, "கையக் காட்டு" என்றார்.

நந்தினி கையை நீட்டினாள். அவர் உள்ளங்கையில் கொட்டினார்.

"உன்னுதுதான் இது. உன் அத்த குடுக்க வந்தது."

அவள் புரியாமல் பார்த்தாள். கிருஷ்ணன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, கடலைப் பார்த்துச் சொன்னார். "போனு வந்ததும் வேணு கடைலயே அர கிலோ சர்க்கர வாங்கினா. தெரு பூரா வீடு வீடா போயி, எங்க தம்பிக்குப் பொண்ணு பொறந்துகீதுன்னு சொல்லி எல்லார் கைலயும் போட்டா. எனக்கு ரெண்டு தபா போட்டா. மீதி கொஞ்சம் இருந்துச்சு. கரைல வல தெக்கறவங்களுக்குக் குடுத்துட்டு வந்துர்றேன்னு போனா."

துளசிங்கம் முன்னால் வந்தார். தண்ணீரில் நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. "மாமா, வல? என் வலைய எடுக்கத்தான அக்கா கரைக்குப் போச்சு?"

"உன் வலையா? அத ஏழு மணிக்கே தூக்கியாந்துட்டாளே. ஏரிலருந்து அப்பத்தான் வந்து படுத்தேன், எழுப்பி, இந்தா உள்ள வையின்னு என் தலைலதான் ஏத்தினா. அப்பறம் தண்ணி வீட்டுக்குள்ள வந்து அதையும் இட்டுகினு போச்சு."

"இத்தினி வருசமா ஏன் மாமா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? சர்க்கர குடுக்கப் போயித்தான் செத்தான்னு சொன்னா, புள்ள பொறந்து அத்தைய முழுங்கிடுச்சுன்னு ஊரு பேசும். சின்னப் புள்ள. அந்தத் தெருக்காரங்களும் பேசக் கூடாதுன்னு சொல்லி வச்சேன், யாரும் பேசல. இந்த நாளு வந்தா இந்தப் புள்ளையப் பாக்கறப்பல்லாம் வாய்ல வந்துருமோன்னு பயமா இருக்கும். அதான் பாக்க மாட்டேன்." பிறகு நந்தினியிடம் திரும்பினார். "இப்பத்தான் நீயே வளந்து வந்து நிக்கிறியே. வாய்ல போடு."

பால் ஊற்றி முடியாமல் அந்த ஊரில் யாரும் இனிப்பு தொட மாட்டார்கள். இன்னும் இரண்டு பெயர் பாக்கி இருந்தது. நந்தினி கரையைப் பார்த்தாள். தலைவர் அடுத்த பெயரைக் கூப்பிடாமல் நின்றார். அவரும் அந்தத் தெருக்காரர்தான், அன்று காலை கோவிந்தம்மா கையால் வாங்கித் தின்றவர். அவள் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டேதான் மென்றாள்.

துளசிங்கத்துக்கு மனசு ஆறியது என்று சொல்ல முடியாது. அக்கா கரைக்குப் போன காரணம் வலை இல்லை என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். அக்கா போனது போனதுதான். ஆனால் அவருக்கு அப்போது தோன்றியது வேறு. தெரு முழுக்க வாங்கியிருக்கிறது. வேணு வாங்கியிருக்கிறார், தலைவர் வாங்கியிருக்கிறார், கிருஷ்ணன் இரண்டு தடவை வாங்கியிருக்கிறார். பெண்ணைப் பெற்றவர் அன்று பொன்னேரியில் இருந்தார்.

"மாமா, எனக்கு இன்னும் குடுக்கல" என்று கையை நீட்டினார்.

கிருஷ்ணன் பொட்டலத்தைப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. மடிப்பை விரித்து, விரலால் தட்டித் தட்டி, ஒட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் அவர் உள்ளங்கையில் உதிர்த்தார். ஒரு சிட்டிகை தேறியது. துளசிங்கம் தண்ணீரில் நின்றபடியே அதை வாயில் போட்டுக்கொண்டார்.